இடிந்த சுவர்கள் மட்டும்தானா பொம்பெய்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதப் பகுதியில், இத்தாலி சுற்றுலா போய்வந்த அன்பர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்துச் சாம்பலில் புதைந்த ரோமானிய ஊரான பொம்பெயில் இடிந்த சுவர்களைத் தவிர ஒன்றுமில்லை, வெயிலில் நடந்து கால் வலித்ததுதான் மிச்சம், வெசுவியஸ் எரிமலையில் நெருப்புகூட இல்லை என்று மனம் வருந்தி எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2022 ஜூன் மாதம் முதல்முறை போய்வந்தபோது நானும் ஏறக்குறைய இதையேதான் வீட்டில் சொன்னேன். 2024 அக்டோபரில் மகளோடு மறுபடியும் போன பிறகுதான், குறை அந்த ஊரில் இல்லை, முதல் முறை எங்களைக் கூட்டிப்போன விதத்தில் இருந்தது என்று தெரிந்தது. இனிமேல் போகிறவர்கள் என்னைப்போல் ஏமாறக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நான் 31 ஆண்டுகள் பள்ளியில் புவியியல் நடத்தியவள். எரிமலைப் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு கூம்பு, அதன் நடுவே ஒரு குழாய், உச்சியிலிருந்து சிவப்பு சாக்பீஸில் வழியும் குழம்பு என்று வரைந்து, கீழே வெசுவியஸ் என்று எழுதுவேன். யாராவது ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், நீங்க இத நேர்ல பாத்திருக்கீங்களா?" என்று கேட்கும். இல்லை என்று சொல்லிச் சொல்லியே பணி ஓய்வும் வந்துவிட்டது. ஓய்வூதியப் பணத்தில் முதலில் போன வெளிநாட்டுப் பயணம் இத்தாலிக்குத்தான்.

அந்த முதல் பயணத்தின் நேரக் கணக்கை அன்று இரவே நோட்டில் எழுதி வைத்தேன். ரோமிலிருந்து காலை ஏழு மணிக்குப் பேருந்து. வழியில் தேநீருக்கு அரை மணி நேரம். பொம்பெய்க்குப் பக்கத்தில் போனதும் நேராக ஊருக்குள் விடவில்லை, சிப்பியிலும் பவளத்திலும் உருவம் செதுக்கி விற்கும் கடை ஒன்றில் இறக்கினார்கள். அங்கே 50 நிமிடம். பிறகு சாப்பாடு, அது ஒன்றேகால் மணி நேரம். பொம்பெய்க்குள் நாங்கள் இருந்தது ஒரு மணி 35 நிமிடம், அதுவும் உச்சி வெயிலில். நாற்பத்திரண்டு பேருக்கு ஒரே ஆள் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். பின்னால் வந்த எங்களுக்கு அவர் சொன்னது பாதிதான் கேட்டது. நின்று ஒரு கேள்வி கேட்டால் கூட்டம் நகர்ந்துவிடும்.

அப்புறம் மலை. எரிமலை வாய்க்கு ஏறும் பாதையின் நுழைவுச்சீட்டை இணையத்தில், நாளும் நேரமும் குறித்து முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். அங்கே போய் நின்று கேட்டால் கிடைக்காது. எங்கள் சுற்றுலா நிறுவனம் எடுத்திருக்கவில்லை. ஆயிரம் மீட்டர் உயரம் வரை பேருந்தில் ஏறிப்போய், வாகன நிறுத்துமிடத்தில் இருபது நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினோம். மலையின் உயரம் 1,281 மீட்டர். அத்தனை தூரம் போய், கடைசி அரை மணி நேர நடையை நடக்காமல் இறங்கினேன். எங்களோடு வந்த வயதான தம்பதி, "எரிமலை எங்கேம்மா?" என்று என்னிடம் கேட்டார்கள். நாம் நிற்பதே அதன் மேல்தான் என்று சொன்னேன். அவர்கள் முகத்தில் இருந்த ஏமாற்றம் இன்னும் என் மனதில் இருக்கிறது.

சரி, இரண்டாம் முறைக்கு வருகிறேன்.

மகள் வேலை விஷயமாக, பொம்பெய்க்குப் பக்கத்து நகரமான நேப்பிள்ஸ் போக வேண்டியிருந்தது, என்னையும் கூட்டிப்போனாள். இந்த முறை எட்டுப் பேர் மட்டும் போகிற வேன். கழுத்தில் உரிம அட்டை தொங்க ஒரு பெண் வழிகாட்டி வந்தார். இத்தாலியில் இப்படிப்பட்ட இடங்களை விளக்கிச் சொல்வதற்குத் தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும். அவர் செய்த முதல் நல்ல காரியம், மலையை முதலிலும் ஊரைப் பிறகும் வைத்தது. காலையில் மேகம் குறைவு, வெயிலும் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் மேலே போனபோதுதான் புரிந்தது.

பாதை செங்குத்தானது இல்லை. ஆனால் தரை முழுக்க உருளும் கருங்கற்பொடி. இரண்டடி வைத்தால் அரையடி சறுக்கும். எனக்கு இடது முழங்காலில் தேய்மானம் உண்டு. கீழேயே கைத்தடி ஒன்று வாங்கிக்கொண்டு, நான்கு இடத்தில் உட்கார்ந்து, ஐம்பது நிமிடத்தில் ஏறினேன். இளையவர்கள் அரை மணி நேரத்தில் ஏறிவிடுகிறார்கள். வழியெல்லாம் பழைய குழம்புப் பாறைமேல் சாம்பல் நிறப் பாசிபோல ஒன்று படர்ந்திருந்தது. பாறை ஆறிய பிறகு அதன்மேல் முதலில் குடியேறும் உயிர்களில் இந்த லைக்கனும் ஒன்று என்று வழிகாட்டி சொன்னார். பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோன விஷயம் அது. என் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தேன், காய்ந்த பஞ்சுபோல இருந்தது.

விளிம்பில் நின்று உள்ளே பார்த்தால் நெருப்பு இல்லைதான். கடைசியாக அது வெடித்தது 1944 மார்ச்சில், இரண்டாம் உலகப் போரின் நடுவே. பக்கத்து விமானத் தளத்தில் நின்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் பல சாம்பலில் நாசமாயின. சான் செபாஸ்தியானோ என்ற ஊரைக் குழம்பு மூடியது. இப்போது வாயின் அடியில் கல்லும் மண்ணும் அடைத்துக்கிடக்கின்றன. ஆனால் எதிர்ச்சுவரில் இரண்டு மூன்று இடங்களில் மெல்லிய ஆவி எழுந்துகொண்டே இருந்தது. யாரும் சத்தமாகப் பேசவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிவப்பு சாக்பீஸில் நான் வரைந்த படத்தைவிட இந்த அமைதி அதிகம் பயமுறுத்தியது.

பிறகு வழிகாட்டி எங்களைத் திருப்பி நிறுத்தி, தென்கிழக்கே கையைக் காட்டினார். கீழே, சுமார் பத்து கிலோமீட்டர் தூரத்தில் பொம்பெய். கி.பி. 79இல் மலை வெடித்தபோது மேலே போன சாம்பலையும் நுரைக்கல்லையும் காற்று அந்தப் பக்கம் கொண்டுபோனது. மேற்கே கடற்கரையில் இருந்த ஹெர்குலேனியத்தில் முதல் நாள் கொஞ்சம்தான் விழுந்தது. ஆனால் அன்று இரவே கொதிக்கும் சாம்பலும் வாயுவும் மலைச்சரிவில் உருண்டுவந்து அந்த ஊரை முடித்துவிட்டன. இரண்டு ஊர், ஒரே மலை, இரண்டு விதமான முடிவு. இதை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மேலிருந்து பார்த்தபோதுதான் இரண்டு ஊரும் எவ்வளவு பக்கம் என்பதும், காற்றின் திசை எத்தனை உயிரைத் தீர்மானித்தது என்பதும் உறைத்தது. மலையை முதலில் பார்க்க வேண்டும் என்பது அதனால்தான். கடிதம் எழுதிய அன்பர் சாப்பிட்டுவிட்டு, களைத்துப்போய், மாலையில் மலைக்குப் போயிருக்கிறார். அப்போது மேகம் மூடியிருந்தால் எதுவுமே தெரிந்திருக்காது.

இன்னொன்றையும் விளிம்பில் நின்று பார்த்தேன். மலையடிவாரத்திலிருந்து கடல் வரை வீடுகள். நெருக்கமாக, இடைவெளியே இல்லாமல். மலை மறுபடி வெடித்தால் முன்கூட்டியே காலிசெய்ய வேண்டிய சிவப்பு மண்டலத்தில் 25 ஊராட்சிப் பகுதிகள், ஏழு லட்சத்தை ஒட்டிய மக்கள். அவர்களை மூன்று நாளில் வெளியேற்றத் திட்டம் இருக்கிறது. எந்த ஊர்க்காரர்கள் இத்தாலியின் எந்த மாநிலத்துக்குப் போவது என்பதுகூட முடிவாகியிருக்கிறது. எங்கள் வழிகாட்டி வசிப்பதும் அந்த மண்டலத்தில்தான். 1841இல் தொடங்கிய வெசுவியஸ் ஆய்வகம், உலகிலேயே பழைய எரிமலை ஆய்வகம், இரவு பகலாக இந்த மலையின் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதை நம்பித்தான் தூங்குகிறோம் என்று சாதாரணமாகச் சொன்னார்.

பொம்பெய்க்குள் அன்று நான்கு மணி நேரம் இருந்தோம். நான்கு மணி நேரத்தில் முழு ஊரையும் பார்த்துவிட முடியாது. ஊர் 66 ஹெக்டேர், அதில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டப்படாமல் மண்ணுக்குள் இருக்கிறது. வழிகாட்டி எங்களை எல்லா இடத்துக்கும் ஓட்டவில்லை. ஒரு தெருமுனையில் நிறுத்தி, ஒரு தண்ணீர்த்தொட்டியைக் காட்டினார். கல்தொட்டியின் விளிம்பில், குழாய்க்கு இரண்டு பக்கமும், வழவழப்பான இரண்டு பள்ளங்கள். தண்ணீர் குடிக்கக் குனிந்தவர்கள் கை ஊன்றி ஊன்றித் தேய்ந்த இடம். அங்கே என் கையை வைத்தேன், சரியாகப் பொருந்தியது. முதல் பயணத்தில் இதே தெருவில்தான் நடந்திருக்கிறேன், இந்தத் தொட்டியைக் கடந்துதான் போயிருக்கிறேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை.

தெருவுக்குப் பாவியிருக்கும் பெரிய கரும்பாறைகள், எரிமலைக் குழம்பு இறுகிய கற்கள். அவற்றில் வண்டிச் சக்கரம் ஓடி ஓடி விழுந்த தடம் விரல் ஆழத்துக்கு இருக்கிறது. தெருவில் ஓடும் தண்ணீரில் கால் நனையாமல் கடப்பதற்கு உயரமான கற்களைக் குறுக்கே வரிசையாக வைத்திருக்கிறார்கள், சக்கரம் புகுந்து போக நடுவே இடைவெளி விட்டு. அடுப்பும் மாவரைக்கும் கல்லுமாக ரொட்டிக்கடைகள் அப்படியே நிற்கின்றன. ஒரு கடையின் அடுப்புக்குள் 81 ரொட்டிகள் கருகிய நிலையில் கிடைத்தன, எட்டுத் துண்டாகப் பிட்டுக்கொள்ள வசதியாகக் கோடு போட்ட வட்ட ரொட்டிகள். அன்று காலை அவற்றை அடுப்பில் வைத்தவர் திரும்ப எடுக்கவில்லை.

எந்தக் காலை என்பதில் இப்போது கேள்வி இருக்கிறது. ஆகஸ்ட் 24 என்றுதான் நான் படித்தேன், அதையே பிள்ளைகளுக்கும் சொன்னேன். 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் கிறுக்கிய எழுத்து ஒன்று கிடைத்தது. அதில் அக்டோபர் 17க்கு நிகரான தேதி இருக்கிறது, ஆண்டு இல்லை. கரியில் எழுதியது வருடக்கணக்கில் நிற்காது என்பதால், வெடிப்பு அக்டோபர் பிற்பகுதியில் நடந்திருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வாதம் இன்னும் முடியவில்லை. நாங்கள் நின்றது அதே அக்டோபர். மாலைக் காற்றில் லேசான குளிர் இருந்தது.

இறந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குழம்பு ஓடிவந்து மூடியது என்று பலரும் நினைக்கிறார்கள். பொம்பெய்க்குக் குழம்பு வரவே இல்லை. முதலில் பல மணி நேரம் நுரைக்கல் மழை, பாரம் தாங்காமல் கூரைகள் விழுந்தன. மறுநாள் காலை கொதிக்கும் சாம்பல் அலை. அந்தச் சாம்பல் இறுகி, உள்ளே உடல்கள் மட்கி, உடலின் வடிவத்தில் வெற்றிடங்கள் மிஞ்சின. 1863இல் அகழாய்வுப் பொறுப்பில் இருந்த ஜூசெப்பே ஃபியோரெல்லி அந்தக் குழிகளில் பாரிஸ் சாந்தை ஊற்றச் செய்தார். அப்படி எழுந்த உருவங்களில் முகம் தெரிகிறது, துணியின் மடிப்பு தெரிகிறது. ஊரின் தெற்கு ஓரத்தில், தப்பி ஓடியவர்களின் தோட்டம் என்று ஓர் இடம். பதின்மூன்று பேர், குழந்தைகளும் சேர்த்து, நுரைக்கல் படிந்த தரைக்கு மேலே விழுந்துகிடக்கிறார்கள். அதாவது, கல்மழை வரை உயிரோடு இருந்து, வெளியே போய்விடலாம் என்று புறப்பட்டவர்கள்.

முதல் பயணத்தில் எங்கள் குழுவில் சிலர் இப்படிப்பட்ட உருவம் ஒன்றின் முன்னால் நின்று சிரித்துக்கொண்டே செல்ஃபி எடுத்தார்கள். சிலை என்று நினைத்துவிட்டார்கள். உள்ளே எலும்பு இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம் மக்கள் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். நல்ல வழிகாட்டி வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒன்றே போதும். நல்ல வழிகாட்டி என்றால் கதையைக் கூட்டிச் சொல்கிறவர் இல்லை. பொம்பெயில் பொன் காப்பு வீடு என்று பெயர் வைத்திருக்கும் ஒரு வீட்டில் கிடைத்த உருவங்களில் இரண்டைத் தாயும் மடியில் குழந்தையும் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். நாங்கள் திரும்பிய அடுத்த மாதம் வெளிவந்த மரபணு ஆய்வில், அந்தப் பெரியவர் ஓர் ஆண், குழந்தைக்கு உறவே இல்லாதவர் என்று தெரிந்தது. எங்கள் வழிகாட்டி அந்தக் கதையை எங்களிடம் சொல்லவே இல்லை, உறுதியில்லாததைச் சொல்ல மாட்டேன் என்றார். அந்தச் செய்தியைப் படித்த அன்று அவரை நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

தமிழர்களாகிய நமக்கு அந்த மண்ணில் இன்னொரு சொந்தமும் இருக்கிறது. மலை வெடித்தபோது நேப்பிள்ஸ் வளைகுடாவின் எதிர்ப்பக்கம் மிசேனம் என்ற இடத்தில் ரோமானியக் கடற்படைக்குத் தலைவராக இருந்தவர் மூத்த பிளினி. முசிறித் துறைமுகத்தையும், கடலிலிருந்து தள்ளி உள்நாட்டில் மதுரையில் இருந்த பாண்டிய மன்னரையும் தன் நூலில் குறித்துவைத்தவர் அவர்தான். காரத்தைத் தவிர வேறு பெருமையில்லாத மிளகுக்காக இந்தியாவரை போகிறோமே என்று அங்கலாய்த்தவரும் அவரே. மேகம் எழுந்ததைப் பார்த்ததும், என்ன அது என்று அறியும் ஆவலில் கப்பலை எடுக்கச் சொன்னார். அதற்குள் உதவி கேட்டு ஒரு பெண்ணிடமிருந்து ஓலை வந்தது. பார்க்கக் கிளம்பியவர் காப்பாற்றப் போனார், மறுநாள் ஸ்டேபியே கடற்கரையில் இறந்துபோனார். உடன் போகாமல் வீட்டில் பாடம் எழுதிக்கொண்டிருந்த 17 வயது மருமகன், அவரும் பிளினிதான், பல ஆண்டுகள் கழித்து வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு எழுதிய இரண்டு கடிதங்களால்தான் அந்த நாளில் நடந்தது நமக்குத் தெரியும். மேகம் பைன் மரம்போல உயர்ந்து விரிந்தது என்று எழுதியிருக்கிறார். எப்படிப்பட்ட பைன் என்று எனக்கு அதுவரை விளங்கியதில்லை. பொம்பெயில் அந்த மரங்கள் நிற்கின்றன. நெடுக ஒற்றைத் தண்டு, உச்சியில் மட்டும் குடைபோல விரிந்த தலை. வழிகாட்டி மரத்தைக் காட்டி, பிறகு மலையைக் காட்டினார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஒருவேளை என் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், கரும்பலகையில் நான் வரைந்த அந்த வழியும் குழம்பை அழித்துவிட்டு ஒரு குடை மரத்தை வரைந்துகொள்ளுங்கள். 79ஆம் ஆண்டு வெடிப்புக்கு அதுதான் சரியான படம்.

சுற்றுலா நடத்துகிறவர்களுக்கும், பணம் கட்டப் போகிறவர்களுக்கும் நான் சொல்ல நினைப்பது இதுதான். ஊரையும் மலையையும் ஒரே நாளில் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் ரோமிலிருந்து போய் அன்றே திரும்பினால் பாதி நாள் சாலையிலேயே போய்விடுகிறது. முந்தின இரவு நேப்பிள்ஸில் தங்கச் சொல்லிக் கேளுங்கள். பொம்பெய்க்குள் எத்தனை மணி நேரம் என்பதை எழுத்தில் வாங்குங்கள், மூன்றுக்குக் குறைவாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். கடைக்குக் கூட்டிப்போவது திட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த 50 நிமிடம் நாம் காசு கொடுத்து வாங்கிய நேரம். மலைக்கான நுழைவுச்சீட்டு எடுத்தாகிவிட்டதா, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். வேனில் மலைக்குக் கூட்டிப்போவோம் என்பதும் எரிமலை வாய் வரை போவோம் என்பதும் ஒன்றில்லை. 2024 நவம்பரிலிருந்து பொம்பெய்க்கு ஒரு நாளில் 20,000 பேருக்குத்தான் அனுமதி, சீட்டில் பெயரும் இருக்க வேண்டும். அதனால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள் கூச்சப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எட்டுப் பேர் போகிற வேனில் எனக்காகக் காத்திருந்தார்கள். நாற்பது பேர் போகிற பேருந்து காத்திருக்காது. கட்டணம் கூடுதல்தான், மறுக்கவில்லை. இத்தாலியில் வேறு ஏதாவது ஒரு ஊரைக் குறைத்துக்கொண்டாவது இதற்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

கடிதம் எழுதிய அன்பருக்கு ஒரு வேண்டுகோள். மறுபடி அந்தப் பக்கம் போக வாய்ப்புக் கிடைத்தால், நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கும் போங்கள். இரகசிய அறை என்ற பெயரில் அங்கே ஒரு சிறு பகுதி உண்டு. அதில் கால் மீட்டர் உயரத்தில் தந்தத்தில் செதுக்கிய ஒரு பெண் உருவம் இருக்கிறது. கழுத்தில் மாலைகள், கைநிறைய வளையல்கள், இரண்டு பக்கமும் தோழிகள். இந்தியாவிலிருந்து கடல் கடந்துபோய், பொம்பெயின் பெரிய தெருவில் ஒரு வீட்டில் இருந்து, சாம்பலுக்குள் 1,850 ஆண்டுகளுக்கு மேல் கிடந்து, 1938இல் வெளியே வந்தது. லட்சுமி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், யட்சி என்றும் சிலர் சொல்கிறார்கள். முதல் பயணத்தில் அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் என் மகள்தான் அதிக நேரம் நின்றாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை ஒருவர்